டயட் முடிஞ்ச மறுநாள் என்ன பண்ணப் போறீங்க?

இந்த வாரம் வந்த லெட்டர் ரொம்ப நீளம், பேர் ஊர் எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். எழுதினவங்களுக்கு வயசு 42, உயரம் 158 சென்டிமீட்டர், இப்போ வெயிட் 89 கிலோ. காலைல ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலை, ஸ்கூல் போற பிள்ளைங்க ரெண்டு பேர். 11 வருஷத்துல அஞ்சு தடவை டயட் இருந்து குறைச்சிருக்காங்க, அஞ்சு தடவையும் திரும்ப ஏறியிருக்கு, அதுவும் ஒவ்வொரு தடவையும் பழைய வெயிட்டுக்கு மேல ரெண்டு மூணு கிலோ சேத்து. கடைசி தடவை ஒரு நாளைக்கு 900 கலோரின்னு எண்ணி எண்ணி சாப்பிட்டு நாலே மாசத்துல 86லேர்ந்து 70க்கு வந்தாங்க, ஆபீஸ்ல எல்லாரும் பாராட்டினாங்க, அடுத்த ஒண்ணரை வருஷத்துல 89. வெயிட் பாக்கற மெஷினை கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்களாம். தைராய்டு டெஸ்ட் நார்மல், மூணு மாச சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) 6.1, மாடி ஏறினா முட்டி வலிக்குது. வீட்டுக்காரர் சாப்பிடற நேரம் பாத்து "உனக்கு மனசுல உறுதியே கிடையாது"ங்கறார். அவங்க கேக்கறது நாலு விஷயம்: என் மெட்டபாலிசம் செத்துப்போச்சா, எனக்கு நிஜமாவே உறுதி இல்லையா, 58 கிலோவுக்கு வர எந்த டயட் பெஸ்ட், எல்லாரும் சொல்ற, வெயிட் குறைக்கற அந்த ஊசியை போட்டுக்கலாமா.

சகோதரி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவை பேனாவோட. "டயட் முடிஞ்சதும்"னு ஒரு வார்த்தை நாலு இடத்துல வருது, நாலையும் வட்டம் போட்டு வச்சிருக்கேன். டயட் முடிஞ்சதும் ஒரு வாரம் ஒழுங்கா இருந்தேன், டயட் முடிஞ்சதும் பசி அதிகமாச்சு, இப்படி. நீங்க கேட்ட நாலு கேள்விக்கும் பதில் சொல்றேன், ஆனா என்னைக் கேட்டா பிரச்சினை அந்த "முடிஞ்சதும்"லதான் இருக்கு. நாலு மாசத்துக்கு மட்டும் வாழ முடியற ஒரு வாழ்க்கையை வாழ்ந்து 16 கிலோ குறைச்சீங்க, அந்த வாழ்க்கை முடிஞ்சதும் உடம்பு பழைய வாழ்க்கைக்கு என்ன வெயிட்டோ அங்கேயே போய் நின்னுடுச்சு.

உங்களை மட்டும் குத்தம் சொல்லிட முடியாது, இதுல டாக்டருங்க எங்க பங்கும் இருக்கு. நான் பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல என் டேபிள் டிராயர்ல ஜெராக்ஸ் எடுத்த டயட் சார்ட் ஒரு கட்டு இருக்கும், வெயிட் ஜாஸ்தியா வர்ற எல்லாருக்கும் ஒண்ணு கிழிச்சு கொடுத்து மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவேன். வர்றவங்க குறைச்சுட்டு வருவாங்க, எனக்கும் சந்தோஷமா இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளுங்க அதைவிட கூட வெயிட்டோட, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தப்பதான் சார்ட்ல மூணு மாசத்துக்கு அப்புறம் என்னன்னு ஒரு வரிகூட இல்லைங்கறதே உறைச்சுது.

மெட்டபாலிசம் சாகலை, பசிதான் பெருசாயிருக்கு

வெயிட் குறைஞ்சா உடம்பு செலவு பண்ற கலோரியும் குறையும், இது உண்மை. சின்ன உடம்பை நடத்த கம்மி எரிபொருள் போதும், அதுக்கு மேல உடம்பு பயந்துபோய் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவும் செய்யும். மொத்தமா கணக்கு பாத்தா குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் செலவுல 20லேர்ந்து 30 கலோரி வரைக்கும் குறையுது. ஆனா அதே ஒரு கிலோவுக்கு பசி ஏறுறது சுமார் 100 கலோரி அளவுக்கு. அதாவது உங்களை இழுத்து கீழ தள்ளினதுல மெட்டபாலிசத்தோட பங்கு சின்னது, பசியோட பங்கு மூணு நாலு மடங்கு. கொழுப்பு செல்லுலேர்ந்து வர்ற லெப்டின்ங்கற ஹார்மோன், "கையிருப்பு இருக்கு, கவலைப்படாதே"ன்னு மூளைக்கு சொல்ற ஒண்ணு, வெயிட் குறைஞ்சதும் சரிஞ்சிடும். வயித்துலேர்ந்து வர்ற கிரெலின், பசியைத் தூண்டறது, ஏறிடும். 2011ல வந்த ஒரு ஆய்வுல பத்து வாரம் கடுமையான டயட் இருந்தவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் இந்த ஹார்மோன்லாம் பழைய நிலைமைக்கு திரும்பலை.

அமெரிக்காவுல டிவி போட்டிக்காக தாறுமாறா வெயிட் குறைச்ச 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கற ஆராய்ச்சியாளர் டெஸ்ட் பண்ணி 2016ல வெளியிட்டார், அவங்க உடம்பு எதிர்பாக்கறதை விட நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மியாத்தான் எரிச்சுது. உங்களுக்கு இந்த செய்தியை யாரோ ஃபார்வர்ட் பண்ணியிருக்காங்கன்னு நினைக்கிறேன், அதுலேர்ந்துதான் "செத்துப்போச்சா" வந்திருக்கும். ஃபார்வர்ட்ல வராத பாதி இது: மெட்டபாலிசம் குறைஞ்சது வெயிட் திரும்ப ஏறினவங்களுக்கு மட்டும் இல்ல, ஏறாம காப்பாத்தினவங்களுக்கும் குறைஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் தினசரி நடமாட்டத்துலதான் தெரிஞ்சுது.

உறுதி இல்லையான்னு கேட்டீங்களே

இரண்டாம் உலகப்போர் சமயத்துல, 1944 - 45ல, மினசோட்டா யுனிவர்சிட்டில ஆன்சல் கீஸ்ங்கறவர் ஒரு சோதனை பண்ணினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், எல்லாருமே தானா முன்வந்தவங்க, அலசிப் பொறுக்கி எடுத்த ஆளுங்க. ஆறு மாசம் பாதி சாப்பாடு, உடம்புல கால்வாசி எடை போச்சு. நாள் முழுக்க சாப்பாட்டு நெனப்பு, தட்டை நக்கறது, சமையல் புஸ்தகத்தை நாவல் மாதிரி படிக்கறது, கனவுலயும் சாப்பாடு. திரும்ப வேணுங்கற அளவு சாப்பிடலாம்னு விட்டதும் வயிறு நிறைஞ்சும் நிறுத்த முடியாம சாப்பிட்டுக்கிட்டே இருந்தவங்க உண்டு. அவங்களுக்கு மன உறுதி இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு கொடுத்தது கிட்டத்தட்ட 1,600 கலோரி, நீங்க நாலு மாசம் இருந்தது 900ல. வீட்டுக்காரர் அடுத்த தடவை ஆரம்பிச்சா இந்த ரெண்டு நம்பரையும் சொல்லுங்க.

சொல்லிட்டு அவர்கிட்ட ஒரு உதவி மட்டும் கேளுங்க, பெரிய சண்டையா ஆக்க வேண்டாம்: என் தட்டைப் பத்தி பேசாதீங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க, நான் நடந்துட்டு வர்றேன். அட்வைஸை விட அந்த அரை மணி நேரம் உங்களுக்கு பிரயோஜனம்.

58ங்கற நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?

லெட்டர்ல காரணம் இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி வெயிட்டா இருக்கும்னு என் ஊகம். 89லேர்ந்து 58ன்னா 31 கிலோ, உடம்புல மூணுல ஒரு பங்கு. சாப்பாடு, நடை மாத்தறதால மட்டும் அவ்வளவு குறைச்சு வருஷக்கணக்கா காப்பாத்தறவங்க ரொம்ப கம்மி, இதை மறைச்சு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரலை. ஆனா உங்களுக்கு நிஜமா வேண்டியது 58 இல்ல. உங்க சுகர் 6.1, அது 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் இருக்கற எல்லைக்கோட்டு வட்டாரம், சர்க்கரை நோய் இன்னும் வரலை, வாசல்ல நிக்குது. அமெரிக்காவுல இப்படி எல்லைல இருந்த 3,000 பேருக்கு மேல வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2002ல வெளிவந்துச்சு, இலக்கு என்ன தெரியுமா, வெயிட்ல வெறும் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிஷம் நடை. அதுக்கே சர்க்கரை நோய் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது, மாத்திரை சாப்பிட்ட குரூப்ல 31 சதவீதம்தான். (நீங்க கேட்ட 58 இதுல கிடைக்குது பாருங்க.)

உங்களுக்கு 7 சதவீதம்னா ஆறு கிலோ, 83. அந்த ஆறு கிலோவுக்கு முட்டியும் நன்றி சொல்லும், ஏன்னா ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு எட்டுலயும் முட்டி மேல விழற பாரம் சுமார் நாலு கிலோ குறையும். 83க்கு வந்து ஒரு வருஷம் நின்னீங்கன்னா அதை நான் 70ஐ விட பெரிய வெற்றின்னு சொல்வேன், அதுக்கப்புறம் இன்னும் இறங்கணுமான்னு அப்போ யோசிப்போம்.

எந்த டயட் பெஸ்ட்ங்கறதுக்கு பதில் சின்னது. ஸ்டான்ஃபோர்ட்ல 609 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு குரூப்புக்கு கொழுப்பு கம்மி, இன்னொண்ணுக்கு மாவுச்சத்து கம்மின்னு ஒரு வருஷம் பாத்தாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு: ஒண்ணுல சராசரி 5.3 கிலோ, இன்னொண்ணுல 6.0, சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. ரெண்டு குரூப்லயும் எக்கச்சக்கமா குறைஞ்சவங்களும் உண்டு, ஏறினவங்களும் உண்டு. அதனால டயட் பேரைப் பாக்காதீங்க, ஒரே ஒரு டெஸ்ட் வைங்க. பிள்ளைக்கு ஜுரம், ஆபீஸ்ல மாசக்கடைசி, ராத்திரி தூக்கமில்ல, அந்த மாதிரி ஒரு நாள்ல இதுல முக்கால்வாசியாவது என்னால பண்ண முடியுமா? முடியாதுன்னா அது எவ்வளவு நல்ல டயட்டா இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

ராத்திரி பத்தேகால்

உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப உபயோகமான இடம் இதுதான், நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்க. எல்லாரும் தூங்கினப்புறம் பத்தேகாலுக்கு கிச்சன் லைட்டைக்கூட போடாம, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்துலயே நின்னுக்கிட்டு, பிள்ளைங்க மிச்சம் வச்சதுலேர்ந்து ஆரம்பிச்சு கையில கிடைக்கறதெல்லாம் சாப்பிடறேன், அப்புறம் அழுகை வருதுன்னு. அதுக்கு நீங்களே கண்டுபிடிச்ச தீர்வு ஃப்ரிட்ஜுக்கு பூட்டு. பூட்டு வேண்டாங்க. அந்த நாளோட காலைக்கு போவோம்: காலைல பால் இல்லாத காபி மட்டும், மத்தியானம் சின்ன டப்பால நாலு வாய், அஞ்சு மணிக்கு டீயோட ரெண்டு பிஸ்கட், எட்டரைக்கு குற்ற உணர்ச்சியோட கொஞ்சம் சாப்பாடு. பொழுது சாயற வரைக்கும் நீங்க சாப்பிட்டது என் கணக்குல 400 கலோரிகூட தேறாது. பத்தேகாலுக்கு வர்றது பலவீனம் இல்ல, பாக்கி வசூல்.

காலைல உக்காந்து சாப்பிடுங்க. மூணு வேளையிலும் புரதம் இருக்கட்டும், முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர், உங்களுக்கு எது பழக்கமோ அது. தட்டுல பாதி காய்கறி. நாலரைக்கு நிஜமான ஒரு சிற்றுண்டி, பிஸ்கட் இல்ல. பாக்கெட்ல வர்ற தீனியை வீட்டுல கண்ணுல படற இடத்துல வைக்காதீங்க. அதே கெவின் ஹால் 2019ல பண்ணின இன்னொரு சோதனைல தொழிற்சாலைல அதிகமா பக்குவப்படுத்தின சாப்பாடு சாப்பிட்டவங்க தங்களுக்கே தெரியாம நாளைக்கு சுமார் 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, அந்த உணவோட சுபாவமே அப்படி. தூக்கமும் இதுல சேத்தி, பன்னெண்டு மணிக்கு படுத்து அஞ்சரைக்கு எழுந்தா மறுநாள் பசி கூடத்தான் செய்யும்.

ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்க. கன்ட்ரோல் இல்லாம நிறைய சாப்பிடறது, ஒளிஞ்சு சாப்பிடறது, அப்புறம் வெறுப்பு, இது வாரத்துல ஒரு தடவையாவது மூணு மாசமா நடக்குதுன்னா அதுக்கு மருத்துவத்துல தனி பேரே இருக்கு, பிஞ்ச் ஈட்டிங். அப்படி இருந்தா மறுபடி ஒரு டயட்டுங்கறது எரியற இடத்துல எண்ணெய். மனநல டாக்டரையோ கவுன்சிலரையோ முதல்ல பாருங்க, பேச்சு சிகிச்சைல நல்லாவே சரியாகும். வெயிட் அப்புறம்.

முதல் எட்டு வாரம் குறைக்காதீங்க

தப்பா அடிச்சிடலை, குறைக்காதீங்கன்னுதான் சொல்றேன். ஸ்டான்ஃபோர்ட்ல 267 பெண்களை வச்சு ஒரு ஆய்வு, 2013ல வந்தது. பாதிப்பேர் உடனே குறைக்க ஆரம்பிச்சாங்க, மீதிப்பேர் முதல் எட்டு வாரம் வெயிட்டை ஏறவும் விடாம இறங்கவும் விடாம அப்படியே பிடிச்சு நிறுத்தப் பழகினாங்க, அப்புறம்தான் குறைக்க ஆரம்பிச்சாங்க. குறைஞ்சது ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. ஆனா அடுத்த ஒரு வருஷத்துல முதல் குரூப்புக்கு சுமார் மூணு கிலோ திரும்ப ஏறிச்சு, நிறுத்தப் பழகினவங்களுக்கு அதுல பாதிதான். உங்களுக்கு குறைக்கத் தெரியும், அஞ்சு தடவை பண்ணியிருக்கீங்க, என்னை விட நல்லாவே தெரியும். தெரியாதது நிறுத்தறது, அதை முதல்ல கத்துக்கோங்க, புகழ்ச்சியும் அவசரமும் இல்லாத நேரத்துல.

அந்த எட்டு வாரத்துல மேல சொன்ன சாப்பாட்டு நேரத்தை மட்டும் ஒழுங்கு பண்ணுங்க, தினம் மூணு தடவை பத்து பத்து நிமிஷம் நடங்க, வாரம் ரெண்டு நாள் நாற்காலில உக்காந்து கையை ஊனாம எழுந்திரிக்கறது மாதிரி தசைக்கு வேலை கொடுங்க, முட்டி தாங்கற அளவுக்கு. உடற்பயிற்சியால மட்டும் வெயிட் பெருசா குறையாது, ஆனா குறைஞ்சதை காப்பாத்தறதுல அதுதான் காவல்காரன். அமெரிக்காவுல 1994லேர்ந்து ஒரு பதிவேடு நடத்தறாங்க, குறைஞ்சது 13 கிலோவுக்கு மேல குறைச்சு ஒரு வருஷமாவது காப்பாத்தினவங்க மட்டும் சேரலாம், இப்ப 10,000 பேருக்கு மேல. ஒவ்வொருத்தரும் குறைச்ச வழி வேற வேற, காப்பாத்தற வழில மட்டும் ஒத்துமை: பத்துல ஒம்பது பேர் சராசரி தினம் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கறாங்க, முக்கால்வாசி பேர் வாரம் ஒரு தடவையாவது வெயிட் பாக்கறாங்க, பெரும்பாலானவங்க காலைச் சாப்பாட்டை விடறதில்ல.

ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா போச்சுன்னு நினைக்காதீங்க. லண்டன்ல பழக்கம் எப்படி உருவாகுதுன்னு பாத்த ஒரு ஆய்வுல சராசரி 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254ன்னு கணக்கு போட்டாங்க, நடுவுல ஒரு நாள் விடறதால ஒண்ணும் கெட்டுப்போகலை. ஒரு நாள் விட்டதும் "சரி, திங்கக்கிழமைலேர்ந்து"ன்னு தள்ளிப்போடறதுதான் கெடுக்கும்.

ஊசி

செமாக்ளூடைட் மாதிரி மருந்துங்க நிஜமாவே வேலை செய்யுது, 2021ல வந்த ஆய்வுல 68 வாரத்துல சராசரி 15 சதவீதம் குறைஞ்சுது. நான் மேல சொன்ன அந்தப் பசி இருக்கே, அதைத்தான் இது அடக்குது, அதனால போட்டுக்கறது தோல்வி ஒண்ணும் இல்ல. உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு வெயிட் எவ்வளவுங்கற கணக்கு, 35க்கு மேல, சுகரும் எல்லைல, டாக்டர் பரிந்துரைக்கக்கூடிய நிலைமைதான். ஆனா நிறுத்தின ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சு, அதனால ஆறு மாசம் போட்டுட்டு விட்டுடலாம்னு நினைச்சா அதுவும் உங்களுக்கு ஆறாவது டயட்தான். பிபி மாத்திரை மாதிரி நீண்டகாலம்னு மனசுல வச்சுக்கிட்டு, செலவையும் யோசிச்சு முடிவெடுங்க. குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு கேன்சர் யாருக்காவது இருந்திருந்தாலோ, உங்களுக்கு கணையத்துல வீக்கம் வந்திருந்தாலோ, இன்னொரு குழந்தை பத்தி யோசனை இருந்தாலோ டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. தெரிஞ்சவங்க மூலமா சீட்டு இல்லாம வாங்கிப் போட்டுக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். வெயிட் குறைக்கற ஆபரேஷன்கூட ஒரு நியாயமான வழிதான் உங்க பிஎம்ஐக்கு, பேசவாவது பேசிப் பாருங்க.

டாக்டரைப் பாக்கும்போது நீங்க சாப்பிடற எல்லா மாத்திரையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரை, சில சர்க்கரை மாத்திரை வெயிட்டை ஏத்தும், மாத்த வழி இருக்கான்னு அவர் பாப்பார், நீங்களா நிறுத்தக் கூடாது. கடைசி டயட்டுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா கொட்டிச்சுன்னு எழுதியிருக்கீங்க, அது வேகமா குறைச்சதோட விளைவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இருந்தாலும் இரும்புச்சத்தும் ஒரு தடவை பாத்துடுங்க. அப்படி வேகமா குறைக்கறப்போ பித்தப்பைல கல்லும் வரலாம், அடுத்த தடவை யாராவது மாசத்துக்கு எட்டு கிலோன்னு ஆசை காட்டினா ஞாபகம் வச்சுக்கோங்க.

மெஷினை கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுங்க, பேட்டரி தீர்ந்திருக்கும், மாத்துங்க. வாரம் ஒரு நாள், காலைல, எழுதி வைங்க. உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் எதுக்கு வேணா ஒண்ணு ஒண்ணரை கிலோ ஆடும், அதுக்கு பதறாதீங்க, 91ஐத் தாண்டி ரெண்டு வாரம் நின்னா மட்டும் சாப்பாட்டு நேரத்தை திரும்பிப் பாருங்க. எட்டு வாரம் கழிச்சு எனக்கு எழுதுங்க. வெயிட் எவ்வளவுன்னு எழுத வேண்டாம், நாலரை மணிக்கு என்ன சாப்பிட்டீங்க, பத்தேகாலுக்கு எங்க இருந்தீங்க, அது ரெண்டும் போதும்.